"உங்களைப் பார்க்கவே இல்லைங்க": இந்தப் பதிலை நம்பி எத்தனை நாள் பைக்கில் வேலைக்குப் போவது?

வேளச்சேரி_பயணி
திங்கள், இரவு 9:10

ஒன்பது வருஷமாகச் சென்னை வேளச்சேரியிலிருந்து நாவலூருக்குப் பைக்கில்தான் வேலைக்குப் போய்வந்தேன். இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன். தப்பு என்று நினைப்பவர்கள் தாராளமாக மறுத்துப் பேசுங்கள்.

ஏழு வாரம் முன்னால், காலை எட்டே முக்கால். ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) காரப்பாக்கம் பக்கம் தெற்கே போய்க்கொண்டிருந்தேன், வேகம் 45-க்குள். எதிர்ப்பக்கம் வந்த கார் ஒன்று நடுத்திட்டு இடைவெளியில் யு டர்ன் எடுக்க வந்து நின்றது. எனக்கு வழிவிட நிற்கிறது என்று நினைத்தேன். ஓட்டியவர் மடியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கிட்டே வந்ததும் கார் கிளம்பியது. பிரேக் பிடித்தும் முன் கதவில் போய் மோதினேன். காறை எலும்பு முறிவு, இடது மணிக்கட்டில் விரிசல். ஹெல்மெட் பட்டியைப் பூட்டியிருந்ததால் தலை தப்பியது.

அவர் இறங்கி ஓடிவந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "சார், உங்களைப் பார்க்கவே இல்லைங்க" என்றார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பார்க்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. என் வண்டியில் முகப்பு விளக்கு எப்போதும் எரியும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்பதால் அதை அணைக்க சுவிட்சே கிடையாது. ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருந்தேன். ஹார்னும் அடித்தேன். இதற்கு மேல் ஒருவன் தன்னை எப்படித்தான் காட்டிக்கொள்வது?


நெடுந்தூரன்
திங்கள், இரவு 9:48

முதலில் உடம்பு முழுசாகத் தேறட்டும் சகோ. காறை எலும்பு சேர்ந்தாலும் தோள் பழையபடி தூக்க நாளாகும், பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. "வழிவிட நிற்கிறது என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, சறுக்கல் அங்கேதான். யு டர்ன் இடைவெளியில் நிற்கும் எந்தக் காரும் கிளம்பும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுபவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் நம் பக்கம் திரும்பியிருந்தாலும் மனசு வேறெங்கோ இருக்கும். முன் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் அரை அங்குலம் உருண்டாலே தெரிந்துவிடும், உடனே ஒதுங்கலாம்.

45-ல் போனால் நொடிக்கு 12.5 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்றால், வண்டி வேகம் குறைவதற்கு முன்பே 12 மீட்டர் போய்விடும். அதனால் இப்படிப்பட்ட இடைவெளி வரும்போதே ஆக்சிலேட்டரை விட்டு, விரலை பிரேக் மேல் வைத்துக்கொண்டு போவது என் வழக்கம். நான் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டேன் என்று எண்ணித்தான் ஓட்டுகிறேன். கார்க்காரரைத் திருத்துவது நம் கையில் இல்லை, நம் வேகம் நம் கையில் இருக்கிறது.


பெருங்குடிக்காரன்
திங்கள், இரவு 10:25

அடிபட்டவரை நோகடிக்க எழுதலைங்க, ஆனா ஒரு பக்கம் மட்டும் பேசினா சரியா இருக்காது. நான் கார் ஓட்டுறவன். தினமும் பெருங்குடிலேர்ந்து சோழிங்கநல்லூர். இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைச்சு, மிரர் பார்த்துத் திரும்புறேன். அந்த நேரத்துல காருக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல மூணடி இடம் இருந்தா அதுல ஒரு ஸ்கூட்டர் நுழையுது. சர்வீஸ் ரோட்டுல ராங் சைடுல ஹை பீம் போட்டுக்கிட்டு வர்றாங்க. மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வெச்சு ரோடு சுருங்கிக் கிடக்கு, அந்தச் சந்துலயும் ரெண்டு பக்கமும் பைக்.

போனைப் பத்திப் பேசுறீங்களே, ஹெல்மெட்டுக்குள்ள காதோரம் போனைச் செருகிப் பேசிக்கிட்டு வர்றவங்க எத்தனை பேர்! தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனை அமுக்கி, கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டே ஓட்டுறவங்க எத்தனை பேர்! அதுல ஒருத்தர் என் கார்ல உரசினாலும் கூட்டம் சேர்ந்து என்னைத்தான் கேக்குது. பெரிய வண்டிக்காரன்மேலதான் தப்பு இருக்கும்னு எல்லாரும் முன்கூட்டியே முடிவு பண்ணிடுறாங்க.


வேளச்சேரி_பயணி
திங்கள், இரவு 11:02

நெடுந்தூரன், நீங்கள் சொன்ன பிரேக் பழக்கம் எனக்கும் உண்டு. விரல் பிரேக் மேல்தான் இருந்தது. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்கிறீர்கள். ஓஎம்ஆரில் எத்தனை இடைவெளி, எத்தனை கார்! ஒரு கண் சக்கரத்தில், ஒரு கண் பள்ளத்தில், இன்னொரு கண் பின்னால் வரும் தண்ணீர் லாரியில் என்றால் எனக்கு மூன்று கண் வேண்டும்.

1981-ல் அமெரிக்காவில் ஹேரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த சுமார் 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. இன்னொரு வண்டி சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டிக்காரர் பைக்குக்குரிய வழியை மறித்ததால் நடந்தவை. அவர்களில் பலர் சொன்னதும் இதேதான்: பார்க்கவில்லை, அல்லது பார்க்கும்போது நேரம் கடந்துவிட்டது. அப்போது கையில் போன்கூடக் கிடையாது. வெறும் கண்ணுக்கே நாம் தப்பிவிடுகிறோம். அந்தக் கண்ணும் மடியில் கிடக்கும் திரைக்குப் போய்விட்டால் பைக்காரன் எந்தத் திறமையால் தப்புவது?


பெருங்குடிக்காரன்
செவ்வாய், காலை 7:15

லாஸ் ஏஞ்சலிஸ் கணக்கை இங்க கொண்டுவராதீங்க. அங்க ரோட்டுல பைக் அபூர்வம், அதனால கண்ணுக்குப் பழகலை. இங்க சிக்னல்ல என் காரைச் சுத்தி நிக்கிறதெல்லாம் பைக்தான். "பழகலை, அதான் தெரியலை"ங்கிறது சென்னைக்குப் பொருந்தாது.

நம்ம ஊர்க் கணக்கையே எடுங்க. மத்திய அரசின் 2022 அறிக்கைப்படி நாடு முழுக்கச் சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 70 சதவீதத்துக்கு மேல அதிவேகத்தால்னு போட்டிருக்கு. செல்போன் ரொம்பச் சின்னப் பங்கு. அப்போ பெரிய பிரச்சினை எது?


வேளச்சேரி_பயணி
செவ்வாய், காலை 8:05

அதே அறிக்கையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள் என்றும் இருக்கிறது. விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு, 64,105. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

செல்போன் பங்கு ஏன் சின்னதாகத் தெரிகிறது? என் வழக்கையே சொல்கிறேன். எழுதப்பட்ட புகாரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வழக்கமான வாசகம்தான் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பிய காருக்கு என்ன அதிவேகம்? போன் என்ற வார்த்தையே அதில் இல்லை. "போன் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று யாராவது ஒப்புக்கொண்டால்தானே எழுதுவார்கள்? மோதின அடுத்த நொடி போன் பாக்கெட்டுக்குள் போய்விடும். எழுதப்படாத காரணம் கணக்கில் எப்படி வரும்?

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது 184-ஆம் பிரிவில் அபாயகரமான ஓட்டுதலாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் தடவை என்றால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடம் இருக்கிறது. என் தலையில் ஹெல்மெட் இல்லை என்றால் தூரத்து கேமராவிலேயே தெரியும். காருக்குள், மடியில் இருக்கும் போன் யாருக்குத் தெரியும்?


ராத்திரி_ரைடர்
செவ்வாய், பகல் 3:20

அண்ணே, பைக்கை விட்டுட்டேன்னு சொல்றீங்க, சந்தோஷம், நல்லா இருங்க. நான் எங்க விடுறது? சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. நாளுக்குப் பன்னெண்டு மணி நேரம் இதே ஓஎம்ஆர்லதான் இருக்கேன்.

எல்லாரும் போன் போன்னு சொல்றீங்க, என் போன் ஹேண்டில்பார்லயே மாட்டியிருக்கு. அடுத்த ஆர்டர் ஓடிட்டு இருக்கும்போதேதான் வரும். கொஞ்ச நொடிக்குள்ள தொடலைன்னா போயிடும், நிறைய போச்சுன்னா அன்னிக்குக் கைக்கு வர்ற காசு குறையும். வழி பார்க்கிறதுக்கு போன் வெச்சுக்கலாம், கவனம் சிதறக் கூடாதுன்னு 2020-லேர்ந்து விதியே இருக்குன்னு டிராபிக் போலீஸ்காரர் ஒருத்தர் சொன்னார். ஆர்டர் வந்து கத்துறப்ப கவனம் எப்படிண்ணே சிதறாம இருக்கும்? கார்க்கார அண்ணன் சொல்ற மாதிரி நானும் இடது பக்கமா நுழைஞ்சிருக்கேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். நுழையாம நின்னா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

எனக்குப் பயம் மோதுறதைவிடக் கதவுதான். ஓரமா நிக்கிற கார்ல டக்குனு கதவைத் திறப்பாங்க. போன மார்கழியில என் கூட்டாளிக்கு அதுலதான் முட்டி போச்சு.


பெருங்குடிக்காரன்
செவ்வாய், மாலை 6:40

தம்பி, நீங்க ஒப்புக்கிட்டு எழுதினதுக்கு மரியாதை. என் கோபம் உங்கமேல இல்லை. உங்களை அந்த அவசரத்துல தள்ளுறவங்களைப் பத்தியும் பேசணும்.


அவசரப்பிரிவு_அக்கா
செவ்வாய், இரவு 10:50

டூட்டி முடிச்சு வந்து இப்பதான் முழுசாப் படிச்சேன். பதினாலு வருஷமா அவசரப் பிரிவுல வேலை பாக்கறேன்.

யார் பக்கம் தப்புன்னு எங்களுக்குத் தெரியாது, நாங்க கேக்கறதும் இல்லை. வர்றவங்க ரெண்டு விதம். ஹெல்மெட் தலையோட வர்றவங்க, ஹெல்மெட் தனியா வர்றவங்க. பட்டியைப் பூட்டாம மாட்டினா மோதின முதல் அடியிலேயே அது பறந்துடும், தரையில தலை படறப்போ ஒண்ணுமே இருக்காது. நல்ல ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும், சாவை 42 சதவீதமும் குறைக்கும்னு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டிருக்காங்க. அதெல்லாம் பட்டியைப் பூட்டினாத்தான். பூட்டற சத்தம் கேக்கணும். பின்னால உக்கார்றவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். புருஷன் ஹெல்மெட்டோட, பெண்சாதி வெறுந்தலையோட வர்றதைப் பார்க்கறப்போ வயிறு எரியுது.

இன்னொண்ணு. விழுந்தவங்களைத் தூக்கப் பயப்படாதீங்க. உதவி பண்றவங்க பேரைச் சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அதுக்கு மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ-ன்னு பிரிவே இருக்கு. 2021 டிசம்பர்லேர்ந்து முதல் 48 மணி நேர வைத்தியத்துக்கு அரசுத் திட்டமும் இருக்கு, திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் பாக்கலாம். ஹெல்மெட்டை நீங்களா பிடிச்சு இழுக்காதீங்க, கழுத்து எலும்பு நகர்ந்துடும். மூச்சு விட முடியுதான்னு பாருங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

நெடுந்தூரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. "ஜாக்கிரதையா ஓட்டினா ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னவங்களையும் நான் பார்த்திருக்கேன். அவங்க ஜாக்கிரதையாத்தான் ஓட்டியிருந்தாங்க.


நெடுந்தூரன்
செவ்வாய், இரவு 11:30

ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை அக்கா. குறைவாக ஆகும் என்கிறேன். 60-ல் மோதும்போது இருக்கும் ஆற்றல் 40-ல் இருப்பதைப்போல இரண்டேகால் மடங்கு. பயணி 45-க்குள் வந்ததால்தான் காறை எலும்போடு போயிற்று. அவருடைய நிதானம்தான் அவரை இங்கே எழுத வைத்திருக்கிறது. அதை அவரே சின்னதாக நினைப்பதுதான் எனக்கு வருத்தம். நிதானமாக ஓட்டுபவர்கள் ஒவ்வொருவராகச் சாலையை விட்டுப் போய்விட்டால் மிஞ்சுவது யார்?


ஸ்டியரிங்_24
புதன், காலை 6:30

இருபத்துநாலு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். ரெண்டு பக்கமும் படிச்சேன். பைக்காரத் தம்பிகளுக்கு ஒண்ணு, கார்க்காரருக்கு ஒண்ணு சொல்றேன்.

தம்பிகளா, பஸ்ஸோட இடது முன் சக்கரத்துக்கு ஒட்டி நின்னா எனக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. என் மிரர்ல என் முகம் உங்களுக்குத் தெரிஞ்சாத்தான் எனக்கு உங்க முகம் தெரியும். பஸ் இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்துல வராது, உள்ளே வெட்டிக்கிட்டு வரும். இடம் இருக்கேன்னு உள்ளே நுழைஞ்சவன் அந்த வெட்டுல மாட்டுவான். என் சர்வீஸ்ல ஒரு தடவை அது நடந்துச்சு. பையன் பிழைச்சான், கால் போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு திருப்பத்துலயும் கண்டக்டரை எட்டிப் பார்க்கச் சொல்லித்தான் திருப்புவேன்.

கார்க்காரர் சார், முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் தூண் இருக்கே, அதுக்குப் பின்னால ஒரு பைக் முழுசா மறையும். தலையை மட்டும் திருப்பினாப் போதாது, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கணும். நடுத்திட்டு இடைவெளியில யு டர்ன்னா இடது, வலது, மறுபடி இடது. அப்புறம்தான் கிளட்சை விடணும். கதவு திறக்கும்போது கதவுப்பக்கத்துக் கையால திறக்காதீங்க, அடுத்த கையால திறங்க. தோள் தானா திரும்பும், பின்னால வர்றவன் கண்ணுல படுவான். இங்கிலாந்துல 2022-லேர்ந்து சாலை விதிப் புத்தகத்துலயே இதைச் சேர்த்திருக்காங்க. நம்ம லைசென்ஸ் டெஸ்ட்ல கதவு திறக்கறதை யாரும் கேக்கறது இல்லை.


பெருங்குடிக்காரன்
புதன், காலை 9:55

ஐயா, கதவு விஷயத்தை இன்னிக்குப் பார்க்கிங்ல செஞ்சு பார்த்தேன். தோள் தானா திரும்புது. பையனுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ராங் சைடு பத்தி நான் சொன்னதுல மாற்றம் இல்லை. அதுக்கும் பிடிக்கணும், அபராதம் போடணும். ஆனா புகாருல போன்னு எழுத மாட்டாங்கன்னு பயணி சொன்னது என்னை யோசிக்க வெச்சுது. சிக்னல்ல நிக்கும்போது நானும் போனை எடுப்பேன். பச்சை விழுந்து முன்னால இருக்கிற வண்டி நகர்ந்தா, போன்லேர்ந்து கண்ணை எடுக்கறதுக்குள்ள கால் பிரேக்கை விட்டுடும். உங்களுக்கு நடந்தது அதுதான்னு இப்பப் புரியுது.

பயணி, ஒண்ணு கேக்கணும். காரப்பாக்கத்துல எந்த இடைவெளி? நானும் தினமும் அங்க ஒண்ணுல யு டர்ன் எடுக்கறேன்.


வேளச்சேரி_பயணி
புதன், பகல் 1:10

தெற்கே போகும்போது காரப்பாக்கம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வரும் முதல் இடைவெளி. நடுத்திட்டில் செடி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. நீங்கள் திரும்ப நிற்கும் இடத்தில் அந்தச் செடி வடக்கிலிருந்து வரும் வண்டியை மறைக்கும். காரின் மூக்கு செடியைத் தாண்டும்வரை மெதுவாக நகர்த்தி, நிறுத்தி, பஸ் ஓட்டிய ஐயா சொன்னபடி உடம்பை நகர்த்திப் பாருங்கள். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை பைக்குகள் கூட்டமாக வராது. ஒன்று வரும், பத்து நொடி கழித்து இன்னொன்று வரும். முதல் பைக் போனதும் கிளம்பாதீர்கள்.

நான் இப்போது 570 பஸ்ஸில் போகிறேன். பைக்கை விற்கவில்லை. நெடுந்தூரன் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.