புதுப்பிப்பு: சுங்குடிப் பக்கத்தில் டிராப் ஈவென்ட் வராத சிக்கல் தீர்ந்தது

மதுரைச் சுங்குடிச் சேலைக் கடைக்கான பக்கத்தில், சேலைப் படங்களை இழுத்து வரிசை மாற்றினால் டிராப் ஈவென்ட் (இழுத்ததை விட்டதும் உலாவி அனுப்பும் அறிவிப்பு) வரவே இல்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் டிராக்ஓவர்தான், அதாவது இழுக்கும் படம் ஒரு கட்டத்தின் மேல் இருக்கும்போது வந்துகொண்டே இருக்கும் ஈவென்ட். அதில் பிரிவென்ட்டிஃபால்ட் (உலாவியின் வழக்கமான செயலைத் தடுக்கும் கட்டளை) அழைக்காவிட்டால் உலாவி அந்தக் கட்டத்தில் எதையும் போடவிடாது. டிராப்பிலும் அழையுங்கள், இல்லையென்றால் வெளியிலிருந்து கோப்பைப் போட்டால் பக்கம் போய் அந்தக் கோப்பே திறந்துகொள்ளும்.

அதைவிடப் படுத்தியது, இழுக்கும்போது கட்டத்தைச் சுற்றிக் காட்டும் பச்சை பார்டர் விட்டுவிட்டு மின்னியதுதான். கட்டத்துக்குள் இருக்கும் விலைச்சீட்டின் மேல் சுட்டி நகர்ந்தாலே டிராக்லீவ் (கட்டத்தை விட்டு வெளியேறியதாகச் சொல்லும் ஈவென்ட்) வந்துவிடுகிறது. ஒரு எண்ணி (கவுன்டர்) வைத்து, டிராக்என்டரில் (உள்ளே நுழையும்போது வரும் ஈவென்ட்) 1 கூட்டி, டிராக்லீவில் 1 கழித்து, 0 ஆனால் மட்டும் பார்டரை எடுங்கள். டிராப் நடந்தால் டிராக்லீவ் வராது, எனவே அங்கே எண்ணியை நீங்களே 0 ஆக்க வேண்டும். இதை விட்டால் அடுத்த முறை பார்டர் போகவே போகாது.

இழுக்கும் படத்தோடு வைத்த தரவைப் படிக்கும் கெட்டேட்டா டிராக்ஓவரில் காலியாகத்தான் வரும், டிராப்பில் படியுங்கள்.

கைபேசியில் விரலால் இழுக்க இந்த ஈவென்ட்களை நம்பாமல், பாயின்டர் ஈவென்ட்களில் (சுட்டி, விரல் எல்லாவற்றுக்கும் பொதுவானவை) தனியாக எழுதுவதே நல்லது. இழுக்கும் பிடிக்கு, தொடுதலை உலாவி எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் பண்பான டச்-ஆக்‌ஷனை ‘நன்’ என்று வையுங்கள். இல்லையென்றால் உலாவி ஸ்க்ரோல் செய்யப் போய், பாயின்டர்கேன்சல் (இழுப்பு ரத்தானதாகச் சொல்லும் ஈவென்ட்) அனுப்பிவிடும்.