சத்துவாச்சாரி குடும்பம்: நிகில் கேட்ட பச்சை லேசர்

மணி மாமா, இரவு 7:42
நிகில் பச்சை லேசர் பேனா வேணும்னு கேட்டுக்கினே இருக்கான். ஸ்கூல்ல வானம் காட்டினப்போ சார் அதை வச்சுதான் நட்சத்திரம் காமிச்சாராம். 350 ரூபாதான் போட்டிருக்கு. ஆர்டர் பண்ணிடவா?

நிகில், 7:43
அந்த லேசர் வீடியோ பாருங்க எல்லாரும். தீக்குச்சியே பத்திக்குது!

திவ்யா, 7:45
மாமா, ஆர்டர் போடாதீங்க. டூட்டி முடிச்சு இப்பதான் கிளம்பறேன். பஸ் ஏறிட்டு எழுதறேன்.

காட்பாடி சித்தி, 7:51
ஞாயித்துக்கிழமை பொன்னை போறதுக்கு யார் யார் வரீங்க? வண்டி சொல்லணும்.

திவ்யா, 8:04
தீக்குச்சி பத்துதுன்னா அந்த லேசரோட பவர் 5 மில்லிவாட்டே இல்ல மாமா. ஸ்டிக்கர்ல 5க்கு கீழன்னு இருக்கும், உள்ள அதை விட பல மடங்கு வரும். ஸ்டிக்கரை நம்பவே முடியாது.
கண்ணு கூசினா கால் செகண்டுல நாமளே மூடிக்குவோம். 1 மில்லிவாட் வரைக்கும் அந்த கால் செகண்ட் நம்மள காப்பாத்தும். நூறு மில்லிவாட்னா இமை மூடறதுக்குள்ள விழித்திரை வெந்துடும்.

மணி மாமா, 8:06
வானத்துலதானே காட்டப்போறான்? யார் கண்ணுலயும் அடிக்க மாட்டான்.

திவ்யா, 8:08
மொட்டை மாடில இன்னா இருக்குன்னு பாருங்க. சோலார் ஹீட்டர் கண்ணாடி, எவர்சில்வர் குடம், மாடிப்படி ஜன்னல். அதுல பட்டு திரும்பி வந்தாலும் நேரா அடிச்ச மாதிரி ஆபத்தாகலாம்.

காட்பாடி சித்தி, 8:09
பட்டா வலிக்குமே, தெரிஞ்சுடாதா?

திவ்யா, 8:12
வலிக்காது சித்தி. விழித்திரைல வலி தெரியாது. நடுப்பார்வைல ஒரு மங்கல் புள்ளி நிக்கும், அவ்ளோதான். ஒரு கண்ணை மூடிக்கினு ஜன்னல் கம்பியை பாத்தா கம்பி வளைஞ்சு தெரியும். புத்தகம் படிக்கறது, முகம் பாக்கறது எல்லாம் அந்த நடு இடத்துலதான். அது வெந்துட்டா கண்ணாடி போட்டும் சரியாகாது.

திவ்யா, 8:19
பச்சைல இன்னொண்ணு இருக்கு, அதுதான் எனக்கு பெரிய பயம். மலிவு பேனால பச்சை நேரடியா வரதில்ல. உள்ள 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்து மேல அடிக்கும், அதுல இருந்து 1064 வரும். அடுத்த படிகம் அந்த அலைநீளத்தை பாதியாக்கி 532 பச்சையா மாத்தும். மாறாம மிச்சமாகிற அகச்சிவப்பை தடுக்க முன்னாடி ஒரு குட்டி ஃபில்டர் இருக்கணும். விலை குறைக்கணும்னா சிலர் அதை போடறதே இல்ல.
அகச்சிவப்பு கண்ணுக்கு தெரியாது. தெரியாததால கூசாது, இமையும் மூடாது. 2010ல அமெரிக்காவுல நிஸ்ட்னு ஒரு அளவீட்டு நிறுவனம் ஒரு மலிவு பேனாவை அளந்து பாத்தாங்க. பச்சை மங்கலாதான் வந்துச்சு, அகச்சிவப்பு 20 மில்லிவாட் கிட்ட வந்துச்சு. மங்கலா எரிஞ்சா பசங்க இன்னா பண்ணுவாங்க? வேலை செய்யலையோன்னு உள்ள எட்டி பாப்பாங்க.

நிகில், 8:21
அக்கா, அது கூட ஒரு சிவப்பு கண்ணாடி ஃப்ரீயா தராங்க.

திவ்யா, 8:25
அதுல எதுனா நம்பர் அச்சடிச்சிருக்கா பாரு. எந்த அலைநீளத்துக்கு எவ்ளோ ஓடி (OD, வெளிச்சத்தை எவ்ளோ தடுக்கும்ங்கற அளவு)னு இருக்கணும். ஓடி 4னா பத்தாயிரத்துல ஒரு பங்குதான் உள்ள வரும். அதுவும் 532க்கு மட்டும் இருந்தா பத்தாது, 808, 1064 ரெண்டுக்கும் வேணும். நம்பரே இல்லாத பிளாஸ்டிக்கை நம்பாத. கூலிங் கிளாஸும் உதவாது. அதோட, பச்சையை தடுக்கற கண்ணாடி போட்டுக்கினா கதிரே தெரியாது, அப்புறம் நட்சத்திரம் எப்படி காட்டுவ? கண்ணாடி தேவைப்படற லேசரே நம்ம வீட்டுக்கு வேணாம்டா.

நிகில், 8:26
அப்போ வாங்கவே கூடாதா 😔

திவ்யா, 8:31
வாங்கலாம். காவலூர் போய் அந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் பாத்துட்டு வந்து நீ ராத்திரி முழுக்க பேசினியே, அந்த ஆசை உனக்கு போகவே கூடாது.
நம்ம கண்ணு பச்சையைத்தான் அதிகமா உணரும். அதே பவர் சிவப்பை விட 532 நல்லா பளிச்னு இருக்கும், அதனால கம்மி பவரே போதும். 5 மில்லிவாட்டுக்கு உள்ள, அளந்த ரிப்போர்ட் தர கடைல வாங்கலாம். 520னு போட்ட நேரடி டயோடு கிடைச்சா அதுல இந்த 808, 1064 தொல்லை இல்ல. 350 ரூபாய்க்கு வராது, மாமா.
மேல விமானம், ஹெலிகாப்டர் போனா உடனே அணைச்சுடணும். பைலட்டுக்கு கண்ணு கூசிடும், கேஸும் ஆகும்.

மணி மாமா, 8:34
கார்ட்ல இருந்து எடுத்துட்டேன். நீ பாத்து சொல்றதையே வாங்கறேன் திவ்யா.

காட்பாடி சித்தி, 8:35
சின்னவன் கைக்கு போகாம பாத்துக்கோங்க.

திவ்யா, 8:37
பெரியவங்க கூட இருக்கறப்ப மட்டும்தான் சித்தி. மத்த நேரம் பேட்டரியை கழட்டி பீரோல வச்சுடணும். அப்படியும் யாருக்காவது கண்ணுல பட்டு புள்ளி தெரிஞ்சா விடியட்டும்னு இருக்காதீங்க, அன்னிக்கே ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போயிடணும்.
பொன்னைக்கு நானும் வரேன், எனக்கு ஒரு சீட்டு.