ஃபெரிட்டின் புரதம் குறைகிறது, எம்ஆர்என்ஏ அசையவில்லை: கியூபிசிஆரில் என்ன கோளாறு?

முதுநிலை_மாணவன்
வணக்கம். ஹெப்-ஜி2 என்ற கல்லீரல் செல்களில் இரும்பைக் குறைத்தால், இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் புரதம் என்ன ஆகிறது என்பதுதான் ப்ராஜெக்ட். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டெஸ்ஃபெரியாக்சமின் 100 மைக்ரோமோலார் போட்டு இரவு முழுக்க வைத்தேன். புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஃபெரிட்டின் பட்டை நன்றாக மங்கிவிட்டது. ஆனால் ஆர்என்ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆரில் அதன் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான ஜீனின் நகல்) கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, லேசாகக் குறைந்த மாதிரி, அவ்வளவுதான். மெல்ட் கர்வில் ஒரே உச்சி, அதாவது பெருகியது ஒரே துண்டுதான். ஒப்பிட்டுக் கணக்குப் போட வைத்த ரெஃபரன்ஸ் ஜீன் ஜிஏபிடிஹெச். கைடு "பிரைமரை (ஜீனை அடையாளம் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மாற்று" என்கிறார். புது பிரைமருக்கு ஆர்டர் போடும் முன் யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.

போஸ்ட்டாக்_அக்கா
ஆர்டர் போடாதீங்க தம்பி. பிரைமர் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஃபெரிட்டினில் செல் முக்கியமாகக் கட்டுப்படுத்துவது எம்ஆர்என்ஏவின் அளவை அல்ல, அது புரதமாக மாறுவதை.

ஃபெரிட்டின் எம்ஆர்என்ஏவின் 5' முனையில் (தொடக்க முனை), அங்கிருக்கும் தொப்பி அமைப்புக்குப் பக்கத்திலேயே, சுமார் 30 நியூக்ளியோடைடு நீளத்தில் ஒரு கொண்டை ஊசி மடிப்பு இருக்கிறது. பெயர் ஐஆர்இ. அதன் வளைவில் சி-ஏ-ஜி-யூ-ஜி என்ற வரிசை, தண்டில் புடைத்து நிற்கும் ஒரு சி. இரும்பு குறைந்தால் ஐஆர்பி1, ஐஆர்பி2 என்ற இரும்புக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ரைபோசோமின் சிறிய துணையலகு வந்து உட்கார இடம் கிடைக்காது. எம்ஆர்என்ஏ முழுசாக இருக்கும், படிக்க ஆள் இருக்காது. அந்த மடிப்பைத் தொப்பியிலிருந்து தள்ளி வைத்துக் கட்டிப் பார்த்தால் தடை பெருமளவு தளர்ந்துவிடுகிறது. அதாவது ஒட்டினால் மட்டும் போதாது, எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதும் முக்கியம்.

அதே சிடிஎன்ஏவில் (எம்ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்), இரும்பைச் செல்லுக்குள் கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டருக்கும் ஓட்டுங்கள். அது ஏறியிருக்கும்.

முதுநிலை_மாணவன்
நன்றி அக்கா. ஒரு சந்தேகம். அதே ஐஆர்பி ஒட்டினால் இது மட்டும் எப்படி ஏறும்?

போஸ்ட்டாக்_அக்கா
ரிசெப்டர் எம்ஆர்என்ஏவில் ஐஆர்இ இருப்பது 3' பக்கம் (கடைசி முனை), அதுவும் ஐந்து. அங்கே ஐஆர்பி உட்கார்ந்தால் எம்ஆர்என்ஏவை நறுக்கும் நொதிகள் நெருங்க முடியாது, அதனால் அது நீண்ட நேரம் பிழைக்கும். இரும்பு இல்லாதபோது செல்லுக்கு வேண்டியதும் அதுதானே: சேமிப்புக் கிடங்கை மூடு, வாசலை அகலமாகத் திற.

இரும்பு திரும்பி வந்தால் ஐஆர்பி1-இல் இரும்பு-கந்தகக் கொத்து ஏறி, ஆர்என்ஏ பிடிக்கும் இடத்தை அடைத்துவிடும். அப்புறம் அது அகோனிடேஸ் நொதியாக வேறு வேலை பார்க்கப் போய்விடும். ஐஆர்பி2-வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஃப்பிஎக்ஸ்எல்5 என்ற புரதம் சிதைப்புக்கான அடையாளம் போட, அது சிதைக்கப்படும்.

பழைய_ஜெல்_கை
மேலே சொன்னது சரி, ஆனால் ஜிஏபிடிஹெச்சைப் பற்றி யாரும் பேசவில்லையே. டெஸ்ஃபெரியாக்சமின், ஆக்சிஜன் குறையும்போது ஜீன்களை முடுக்கும் ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தையும் நிலைப்படுத்தும். ஆக்சிஜன் குறைந்த மாதிரி செல் நடந்துகொள்ளும், ஜிஏபிடிஹெச் ஏறும். உங்கள் ஃபெரிட்டின் "லேசாகக் குறைந்த" கதை அதனால்கூட இருக்கலாம். 18எஸ் (ரைபோசோம் ஆர்என்ஏ) வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.

இன்னொன்று. டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் ஜீனும் ஹிஃப்பின் இலக்குதான்; ஹிஃப்பே அதன் படியெடுப்பை (எம்ஆர்என்ஏ உருவாவதை) கூட்டும். அது ஏறியதைப் பார்த்தவுடன் "ஐஆர்பி காப்பாற்றியது" என்று தீசிஸில் எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ஆக்டினோமைசின்-டி கொடுத்துப் படியெடுப்பை நிறுத்தி, எம்ஆர்என்ஏ சரியும் வேகத்தைப் பாருங்கள். ஒரு தட்டில் டெஸ்ஃபெரியாக்சமின், இன்னொன்றில் இரும்பு தரும் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்.

மெட்லேப்_ராணி
சும்மா ஒரு தகவல். ஃபெரிட்டினின் ஒரு துணையலகான எல்-ஃபெரிட்டினின் ஐஆர்இயில் பிறழ்வு வந்தால் ஐஆர்பி பிடிக்க முடியாது, ஃபெரிட்டின் கட்டுக்கடங்காமல் உருவாகும். இளவயதிலேயே கண்புரை, ரத்தத்தில் ஃபெரிட்டின் மிக அதிகம், ஆனால் இரும்பு மிகை இல்லை. 1995-இல் விவரிக்கப்பட்ட பரம்பரை நோய். ஃபெரிட்டின் எண்ணை மட்டும் பார்த்து இரும்பு மிகை என்று ரத்தம் எடுத்தால், நோயாளிக்கு வீணாக ரத்தசோகைதான் வரும்.

முதுநிலை_மாணவன்
18எஸ் வைத்துப் பார்த்தேன், ஃபெரிட்டின் எம்ஆர்என்ஏ சமமாக வந்துவிட்டது! ரிசெப்டர் நன்றாக ஏறியிருக்கிறது. ஆக்டினோமைசின் எவ்வளவு, எத்தனை மணி நேரம் சார்?

பழைய_ஜெல்_கை
மில்லிக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்குங்கள். 0, 1, 2, 4 மணிக்கு எடுங்கள், அதற்கு மேல் போனால் செல்லே சாக ஆரம்பிக்கும். சிட்ரேட் தட்டில் ரிசெப்டர் வேகமாகச் சரிய வேண்டும், மற்றதில் தாக்குப்பிடிக்க வேண்டும். கையுறை கட்டாயம், ஆக்டினோமைசின் நஞ்சு. கழிவை சிங்க்கில் ஊற்றாதீர்கள்.