மறு: ரோஸ்டர் என்பதற்கு 'ஆளணி' பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்துச் செய்திகளில், ஒரு கழகம் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் ஆட்டக்காரர் அனைவரையும் சேர்த்து ரோஸ்டர் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதற்கு முன், இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகன். 2004 இறுதித் தொடரில் ஷாக், கோபி என்ற இரண்டு நட்சத்திரங்கள் இருந்த லேக்கர்ஸ் அணியை 4-1 என்று சாய்த்தார்களே, அன்று பிடித்த பித்து. அதே பிஸ்டன்ஸ் 2023-24 பருவத்தில் 82 ஆட்டங்களில் 14இல்தான் வென்றது. நடுவில் தொடர்ச்சியாக 28 தோல்விகள். ஒரே பருவத்துக்குள் இத்தனை ஆட்டங்களை வரிசையாகத் தோற்ற அணி என்.பி.ஏ.வில் வேறு கிடையாது.

27ஆவது தோல்வி அங்கே டிசம்பர் 26 இரவு. நமக்கு மறுநாள் விடிகாலை ஐந்தரை. மார்கழி மாதம். தெருக்கோடிக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கீழ்வீட்டு அம்மா வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கிறது, நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளி எடுத்தார். ஒரு மனிதன் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ப்ரூக்ளின் அணியிடம் 118-112 என்று தோற்றார்கள். சொந்த ஊர்க்காரர்களே அணியை விற்றுவிடச் சொல்லி அரங்கத்தில் கத்தினார்கள்.

அன்று காலையே என் வலைக்குறிப்புக்கு எழுத உட்கார்ந்து, "அணி சரியில்லை" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எந்த அணி? களத்தில் வியர்த்துக்கொண்டிருந்த ஐந்து பேரா? ஒப்பந்தத்தில் இருக்கும் எல்லாருமா? அவர்களைச் சேர்த்து வைத்த நிர்வாகமா? தமிழில் மூன்றும் 'அணி'தான். நான் திட்ட நினைத்தது மூன்றாமவரின் வேலையை. வாசிப்பவர் காதில் விழுந்தது கன்னிங்ஹாமைத் திட்டுவதாக.

கிரிக்கெட்டில் இதைச் சமாளித்துவிடுகிறோம். தொடருக்கு 15 பேர் கொண்ட அணி, ஆடும் பதினொருவர் என்று பிரித்துச் சொன்னால் போதும். என்.பி.ஏ.வில் அது போதாது. ஒரு கழகம் வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருவழி ஒப்பந்தத்தில் (துணை லீகிலும் ஆடவிடும் ஒப்பந்தம்) மூன்று பேர். பதினைந்தும் நிறைந்துவிட்டால், புதிதாக ஒருவரைக் கொண்டுவர இருப்பவர் ஒருவர் வெளியே போக வேண்டும். ஆக, அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் விலை உண்டு. நமக்கு வேண்டிய சொல் ஆட்களைச் சொன்னால் மட்டும் போதாது, அந்த எண்ணிக்கை வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை வைத்துத்தான் உங்கள் பரிந்துரைகளைப் பார்த்தேன்.

> எல்லாருக்கும் புரிகிற "வீரர் பட்டியல்" இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, பட்டியல் என்பது காகிதம். நம் ஊர்ப் போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் மேலாளர் ஒரு தாள் கொடுப்பாரே, பெயரும் சட்டை எண்ணும் எழுதி, அதுதான் வீரர் பட்டியல். பன்னாட்டு விதிப்படி அதில் 12 பெயர் வரை இருக்கலாம். அந்தத் தாளுக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம். ரோஸ்டர் என்பது அந்தத் தாளுக்கும் முந்தியது, பல மாதம் வாங்கி விற்றுச் சேர்த்தது. "பட்டியல் முடிவுகள்" என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், தேர்வு முடிவு வந்துவிட்டதோ என்று தோன்றும்.

> அரசு வழக்கிலேயே ரோஸ்டருக்குச் "சுழற்சி" இருக்கிறது. அதை நீட்டிக்கலாம்.

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். அரசு வேலைவாய்ப்பில் இடஒதுக்கீட்டு முறைவரிசையைச் சொல்லும் 200 புள்ளி ரோஸ்டரை 'இனச்சுழற்சி' என்கிறோம். அங்கே அது அருமையான சொல், ஏனென்றால் முறை சுற்றி வருவதுதான் அதன் உயிர். அலுவலகத்து வேலைமுறை ரோஸ்டரும் அப்படித்தான், இன்று பகல், நாளை இரவு. கூடைப்பந்து ரோஸ்டரில் எதுவும் சுற்றுவதில்லை. சுற்றுவது வேறொன்று. பயிற்றுநர் ஓர் இரவில் எட்டு, ஒன்பது, பத்துப் பேரை உள்ளே வெளியே மாற்றி மாற்றி விடுகிறாரே, ரசிகர்கள் ரொட்டேஷன் என்கிறார்களே, சுழற்சி என்ற சொல் அதற்கு வேண்டும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அதற்குச் சொல் இல்லாமல் போகும்.

இரண்டும் தனித்தனிச் சொல்லாக இருந்தால்தான் பிஸ்டன்ஸ் கதையையே சொல்ல முடியும். பாருங்கள். அந்தப் பருவத் தொடக்கத்தில் பயிற்றுநர் மான்டி வில்லியம்ஸ் ஜேடன் ஐவியை உட்காரவைத்துவிட்டு கில்லியன் ஹேய்ஸை முதல் ஐவரில் இறக்கினார். ஐவி சீறிக்கொண்டு வளையத்துக்குப் போகிறவர். ஹேய்ஸ் 2020இல் கழகங்கள் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் ஏழாவதாகத் தேர்வானவர், நல்ல தடுப்பாட்டக்காரர், ஆனால் எட்டத்திலிருந்து எறிந்தால் நம்ப முடியாது. அவரை எதிரணி தைரியமாக விட்டுவிட்டுக் கன்னிங்ஹாம் மேல் இரண்டு பேராக விழுந்தது. இது சுழற்சிப் பிழை. கேட்க வேண்டியது பயிற்றுநரை.

ஆனால் பயிற்றுநர் திரும்பிப் பார்த்தால் பின்னால் யார் இருந்தார்கள்? ஜேலன் டூரன், ஐசையா ஸ்டூவர்ட், மார்வின் பேக்லி, ஜேம்ஸ் வைஸ்மன். நான்கு பேரும் வளையத்தடியில் நிற்கும் உயரக்காரர்கள். பேக்லியும் வைஸ்மனும் அவரவர் ஆண்டில் இரண்டாவதாகத் தேர்வாகி, முதல் கழகத்தில் ஒட்டாமல் வந்தவர்கள். அதிலும் வைஸ்மனுக்காக 2023 பிப்ரவரியில் கொடுத்தது யாரை? சதீக் பேயை, எட்டத்திலிருந்து எறியக்கூடிய ஆளை. எறிவதற்கென்று கோடையில் கொண்டுவந்த ஜோ ஹாரிஸ் சொற்ப ஆட்டங்களே ஆடினார், பிப்ரவரியில் விட்டுவிட்டார்கள். மான்டி மோரிஸ் காயத்தால் சில ஆட்டங்களே ஆடி, பிப்ரவரியில் வேறு கழகத்துக்குப் போனார். நம்பகமாக எறியத் தெரிந்த போயான் போக்தானோவிச்சும் பருவத் தொடக்கத்தில் காயத்தில் இருந்தார். ஒரே வேலைக்கு நான்கு பேர், இன்னொரு வேலைக்கு ஆளே இல்லை. இது எந்தச் சுழற்சியாலும் தீராது. இந்தப் பிழைக்குப் பெயர் வேண்டும் என்றுதான் அன்றைக்கு மார்கழிக் காலையில் தவித்தேன்.

> எட்டுத்தொகை போல "அணித்தொகை" என்றால் அழகாக இருக்குமே.

அழகுதான், எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் இன்று தொகை என்றதும் பணம்தான் முன்னால் வந்து நிற்கிறது, அதுவும் விளையாட்டுச் செய்தியில். "வில்லியம்ஸுக்கு ஆறு ஆண்டுக்கு 7.85 கோடி டாலர் ஒப்பந்தத் தொகை, அணித்தொகையோ மோசம்" என்று எழுதினால் அணிக்குச் சம்பளம் தரவில்லை என்றுதான் படிப்பார்கள்.

அடுத்து நான் கொண்டுவந்த 'ஆளிருப்பு'. கையிருப்பு என்பதை ஒட்டி அமைத்தது. மளிகைக் கடையில் உப்பு நாலு மூட்டை இருந்து அரிசி இல்லாவிட்டால் எப்படியோ அப்படித்தான் பிஸ்டன்ஸ் என்று அதற்கு உவமையும் எழுதியிருந்தேன். பல்கலைக்கழக அணிக்கு ஆடிய நம் தோழி ஒருவர் அதற்கு இரண்டு மறுப்பு எழுதினார். இருப்பு என்றால் ஆடுகிறவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது பெஞ்சில் இருப்பது, ஆகவே மாற்று ஆட்டக்காரர்களை மட்டும் குறிப்பதாகிவிடும் என்பது ஒன்று. "நாங்கள் சரக்கு இல்லை" என்பது இன்னொன்று. முதலாவதைத் தர்க்கமாக ஏற்றேன். இரண்டாவது என்னை உண்மையிலேயே உறுத்தியது. 2024 பிப்ரவரியில் ஹேய்ஸை விட்டபோது அவருக்கு வயது 22. நான்கு பருவங்கள் அந்த ஊருக்காக ஆடியவர். அவரை இருப்பிலிருந்து கழித்ததாக எழுத எனக்கு மனம் வராது. ஆளிருப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

இப்போது 'ஆளணி'. யாழ்ப்பாணத்து நண்பர் ஒற்றை வரியில் எழுதியிருந்தார்: "எங்கட பக்கம் ஆளணி எண்டு ஒரு சொல் இருக்கு, பாருங்கோ." பார்த்தேன். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் "ஆளணிப் பற்றாக்குறை" என்று சாதாரணமாக எழுதுகிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கிய பணியிடங்களும் அவற்றில் இருப்பவர்களும் சேர்ந்தது ஆளணி. "அங்கீகரிக்கப்பட்ட ஆளணி" என்றால் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பும் அதற்குள் வந்துவிடுகிறது. நாம் தேடியது இதுதானே! புதிதாக உருவாக்கவே வேண்டாம், கடலுக்கு அந்தப் பக்கம் தினமும் புழங்குகிற சொல். ஆட்களைச் சரக்காக்கவும் இல்லை. ஆளணி வரம்பு, ஆளணி இடம், ஆளணி முடிவு, ஆளணி மாற்றம் என்று எல்லாக் கூட்டிலும் இழுத்த இழுப்புக்கு வருகிறது.

ஒரு தடை எனக்கே தோன்றியது. 'அணியின் ஆளணி' என்று எழுதும்போது அணி இரண்டு முறை வருகிறதே, காதில் குழம்பாதா? ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பூரில் நாங்கள் ஆடும் சிமெண்டு மைதானத்தில் சோதித்துப் பார்த்தேன். வலை அறுந்து வெறும் வளையம் தொங்கும் மைதானம். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், ரோஸ்டர் என்ற சொல்லை எடுக்காமலே, "பிஸ்டன்ஸுக்கு அந்த வருஷம் ஆளணியே கோணல்" என்று ஆரம்பித்து நான்கு உயரக்காரர் கதையைச் சொன்னேன். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அப்போ ஆளணில பதினஞ்சு, ஆடறது அஞ்சு. சரியாண்ணா?" நான் விளக்கவே இல்லை. பேச்சின் போக்கிலேயே பிடித்துக்கொண்டான். எனக்கு அது போதும். குழப்பத்தைத் தவிர்க்க நிறுவனத்தைக் குறிக்கும் இடங்களில் 'கழகம்' என்று எழுதினால் இன்னும் நல்லது.

சொல் கிடைத்த பின் அந்த வலைக்குறிப்பை முடிக்க முடிந்தது. அடுத்த கோடையில் டெட்ராய்ட் செய்ததையும் அதே சொல்லால் எழுதிவிட்டேன். புதிய நிர்வாகத் தலைவர் டிரேஜன் லாங்டன் வந்தார். வில்லியம்ஸ் ஒரே பருவத்தோடு போய் பிக்கர்ஸ்டாஃப் பயிற்றுநரானார். கன்னிங்ஹாம், ஐவி, டூரன், ஸ்டூவர்ட், ஆசார் தாம்சன் என்ற இளையவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றிலும் டோபையாஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று எறியத் தெரிந்த அனுபவசாலிகளைச் சேர்த்தார்கள். பீஸ்லி மட்டும் 319 முறை மூன்று புள்ளி எறிதலை வளையத்தில் போட்டார். 14 வெற்றி 44 ஆனது. பயிற்றுநரும் மாறினார் என்பதால் எல்லாப் புகழும் ஆளணிக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் கன்னிங்ஹாமுக்கு நடுவில் வழி திறந்தது ஆளணி மாற்றத்தால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2004லும் அதே கதை. பிப்ரவரியில் ரஷீத் வாலஸ் வந்தார், ஒரு முக்கிய இடம் நிரம்பியது, ஜூனில் கோப்பை.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

ஆளணி (பெ.): விளையாட்டுக் கழகம் ஒன்று ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் ஆட்டக்காரர் அனைவரும், அவர்களுக்கென வரையறுத்த இடங்களும்.
சுழற்சி (பெ.): ஓர் ஆட்டத்தில் பயிற்றுநர் முறைவைத்து இறக்கும் ஆட்டக்காரர்கள்.
முதல் ஐவர் (பெ.): ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேர்.

மறுப்பு இருந்தால் வரும் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள். இன்னொன்று மிச்சமிருக்கிறது. ஹேய்ஸுக்கு நடந்ததை அங்கே 'வேவ்' என்கிறார்கள். கழகம் ஆட்டக்காரர் மீதுள்ள உரிமையை விட்டுவிடுகிறது, மற்றக் கழகங்கள் 48 மணி நேரத்துக்குள் அவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், யாரும் எடுக்காவிட்டால் உறுதியளித்த சம்பளத்தைப் பழைய கழகமே தர வேண்டும். 'நீக்கம்' என்றால் தண்டனை போல ஒலிக்கிறது, 'விடுவிப்பு' என்றால் அவரே கேட்டு வாங்கியது போல. யாழ்ப்பாணத்து நண்பர் இதற்கும் ஏதாவது வைத்திருக்கிறாரா?

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து