ரைசன் சர்வர் வேலை இல்லாத நேரத்தில் மட்டும் ஹேங் ஆகிறது, லாக்கில் ஒன்றுமே இல்லை

கேள்வி:
வணக்கம். ஏஎம்டி ரைசன் 7 1700 சிப், பி350 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, டெபியன் லினக்ஸ். பகல் முழுக்க கம்பைல் ஓடுகிறது, எல்லாக் கோரும் நூறு சதவீதம், பிரச்சினையே இல்லை. இரவு எல்லாம் அடங்கிய பிறகு மொத்தமாக நின்றுவிடுகிறது. பிங் இல்லை, எஸ்எஸ்எச் இல்லை, கேப்ஸ் லாக் விளக்குகூட மாறவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை. ஜர்னலில் (சிஸ்டம் லாக்) கடைசியாக இருப்பது, நேரப்படி ஓடும் கிரான் வேலையின் சாதாரண வரி. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 4 சுற்று ஓடியது, பிழை இல்லை. ராம் மாற்றுவதா, பவர் சப்ளை மாற்றுவதா?

பதில் 1:
இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. சூடு காரணம் என்றால் பகலிலேயே விழுந்திருக்கும். மெம்டெஸ்ட்டும் இதைப் பிடிக்காது, அது கோரை ஓயவே விடாதே!

2017இல் வந்த முதல் தலைமுறை ரைசனில் தெரிந்த கோளாறு இது. வேலை இல்லாதபோது கோர்கள் சி6 நிலைக்குப் போகும், அதாவது கோருக்கு வரும் மின்சாரமே நிற்கும். எல்லாக் கோரும் ஒன்றாகத் தூங்கினால் இழுக்கும் கரண்ட் மிகவும் குறைந்துபோகும். சில பவர் சப்ளைகள் அந்த அளவில் வோல்டேஜைச் சீராக வைத்திருக்காது.

பயாசில் (கணினி தொடங்கும்போது நுழையும் போர்டு அமைப்பு) அட்வான்ஸ்ட், அதற்குள் ஏஎம்டி சிபிஎஸ், அங்கே 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' இருக்கும். ஆட்டோவில் இருப்பதை 'டிபிக்கல் கரண்ட் ஐடில்' ஆக்குங்க. கண்ணில் படவில்லை என்றால் பயாஸ் பழசு, அப்டேட் செய்யுங்க. பின்னாளில் மறுபடி பயாஸ் அப்டேட் செய்தால் இது ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

பதில் 2:
பயாசில் அந்த ஆப்ஷன் வரவே இல்லை என்றால் கெர்னல் (லினக்சின் மையப் பகுதி) வழியாகச் செய்யலாம். 'புராசசர் மேக்ஸ் சிஸ்டேட்' (கோர் எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்ற வரம்பு) 5 என்று போடச் சொல்லி நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். அதனால் பயனில்லை. இந்தச் சிப்பில் லினக்சுக்குத் தெரிவது சி1, சி2 மட்டுமே. ஆழ்ந்த தூக்கம் அந்த சி2க்குள்தான் ஒளிந்திருக்கிறது. 5 என்ற வரம்பு எதையும் தடுக்காது. அதையே 1 என்று, கெர்னலை ஏற்றும் கிரப்பின் அமைப்புக் கோப்பில் கெர்னல் வரியில் சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆகவே பயாஸ் வழிதான் முதலில்.

அதே ஆண்டு கம்பைல் லோடில் செக்ஃபால்ட் (மெமரி பிழையால் நிரல் விழுவது) வந்த சிப்களை ஏஎம்டி மாற்றிக் கொடுத்ததே, அது வேறு கோளாறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பதில் 3:
ஜர்னலில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதாரண வரிகளை ஜர்னல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் டிஸ்க்கில் உறுதிப்படுத்தும். இயந்திரம் திடீரென நின்றால் கடைசி நிமிடங்கள் போச்சு. நெட்கன்சோல் போடுங்கள்: கெர்னல் செய்திகள் யுடிபி 6666 வழியாக அதே லானில் உள்ள இன்னொரு கணினிக்குப் போகும், அங்கே அவற்றைப் பெறும் நெட்கேட் நிரல் ஓடிக்கொண்டிருக்கட்டும். கன்சோல் லாக் லெவலை 8 ஆக்க மறக்காதீர்கள், இல்லையேல் பாதிச் செய்தி வராது. அங்கே டிஸ்க் அல்லது நெட்வொர்க் டிரைவர் பற்றிய பிழை வந்தால் சி6 கதையை ஒதுக்கிவிட்டு அதைப் பாருங்கள். ஒரு வரிகூட வராமல் நின்றால் பதில் 1இல் சொன்னதற்கே வாய்ப்பு அதிகம்.

வாட்ச்டாக் (இயந்திரம் நின்றதைக் கவனிக்கும் டைமர்) போட்டால் தானாக ரீபூட் ஆகும், ஆனால் அது நோயைத் தீர்க்காது.

கேட்டவர்:
பயாஸ் அப்டேட் செய்ததும் அந்த ஆப்ஷன் வந்தது, மாற்றிவிட்டேன். கெர்னல் வரியையும் சேர்த்தே போட்டுவிடட்டுமா?

பதில் 1:
வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எது தீர்த்தது என்று தெரியாது. வாரத்துக்கு இரண்டு தடவை நின்ற இயந்திரம் என்பதால் மூன்று வாரமாவது விடுங்க. இடையில் ஒரு தடவை நின்றாலும் நெட்கன்சோல் வரிகளை இங்கே போடுங்க. அதற்கப்புறம் பவர் சப்ளையை மாற்றிப் பார்க்கலாம்.