மலை ஊரில் ராத்திரி நேரப் பல் பிரச்சினை: எதற்கு உடனே கிளம்ப வேண்டும்?

மன்னவனூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர்ப் பக்கம் ஒரு பள்ளி விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள். டவுனுக்குப் பகலில் பஸ்ஸில் போவதற்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ராத்திரி மழையோடு பனிமூட்டமும் இறங்கிவிட்டால் ஜீப் எடுக்கவே யோசிப்பார்கள்.

போன மாதம் வாலிபால் ஆடும்போது ஒரு பையன் கம்பத்தில் மோதி முன்பல் பாதி உடைந்தது. கூட ஆடிய பிள்ளை உடைந்த துண்டைத் தேடி எடுத்து வைத்திருந்தான். மறுநாள் டாக்டர் அந்தத் துண்டையே ஒட்டிக்கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பல் வேரோடு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? இன்னொரு பிள்ளைக்குக் கடைவாய்ப்பல் வலித்துக் கன்னம் வீங்கியபோது, சமையல்கார அம்மா மலைப்பூண்டை நசுக்கி ஈறில் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

எதற்கு நடுராத்திரியில் ஜீப்பைக் கூப்பிட வேண்டும், எதற்கு விடியும்வரை பொறுக்கலாம்? முதலுதவிப் பெட்டியில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு பல் டாக்டர்:

டீச்சர், உங்கள் ஊர்களிலிருந்து இறங்கி வருபவர்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். பல் வலி என்றால் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் உயிரை எடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கீழ்க் கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்து, அது தாடைக்கு அடியில் இறங்கினால் கழுத்தின் மேல்பகுதி இரண்டு பக்கமும் வீங்கும். தொட்டால் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். நாக்கை அடியிலிருந்து வீக்கம் மேலே தள்ளும். எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வடியும், குரல் மாறும், வாய் திறக்காது, காய்ச்சலும் இருக்கும். லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-இல் இதை விவரித்தார், அவர் பெயரால் லுட்விக் ஆஞ்சைனா என்கிறோம். மூச்சுக்குழாய் அடைபட்டுப்போவதுதான் இதில் பயம். இந்த அறிகுறிகளில் ஒன்றைப் பார்த்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பல் கிளினிக்கைத் தேடவும் வேண்டாம். ஆக்ஸிஜனும் டியூட்டி டாக்டரும் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கே போங்கள். தேவைப்பட்டால் அவர்கள் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். வழியில் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் உட்கார்த்தியே கூட்டிப் போங்கள். மேல்பல்லில் சீழ் பிடித்துக் கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கினாலும் இதே அவசரம்தான்.

வேரோடு வந்த பல்லுக்கு அவசரம் வேறு மாதிரி. அங்கே சிகிச்சையில் பாதி உங்கள் விளையாட்டு மைதானத்திலேயே முடிந்துவிடுகிறது, என்னிடம் வந்து சேரும்போது மிச்சத்தைத்தான் நான் செய்கிறேன். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய உயிருள்ள சவ்வு ஒட்டியிருக்கும். வெறும் காற்றில் காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அது செத்துப்போகும். உங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு வர அதைவிட அதிகமாகிறதே, அதனால் நீங்களே செய்ய வேண்டியதை விவரமாகச் சொல்கிறேன்.

பல்லைக் கடிக்கும் பக்கமாகப் பிடித்து எடுங்கள், வேரில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசுங்கள். பால் கையில் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் பத்து வினாடி, அதற்கு மேல் வேண்டாம். தேய்க்காதீர்கள், சோப்பு, டெட்டால் எதுவும் போடாதீர்கள், துணியால் துடைக்கவும் கூடாது. பிள்ளை நல்ல நினைவோடு இருந்தால் பல்லை அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்துங்கள். பக்கத்துப் பல்லைப் பார்த்தால் எது முன்பக்கம் என்று தெரியும். மெதுவாக அழுத்தினால் உள்ளே இறங்கும், கொஞ்சம் வலிக்கும். பிறகு மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டி வாருங்கள். நாங்கள் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி இரண்டு வாரம் வைப்போம். டெட்டனஸ் ஊசி போட்ட விவரமும் கேட்போம். வேர் முழுதாக வளர்ந்த பல்லாக இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனால் என்கிற வேர் சிகிச்சையைத் தொடங்குவோம்.

பொருத்தப் பயமாக இருந்தாலோ, பிள்ளை மயக்கமாக இருந்தாலோ பொருத்த வேண்டாம். ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். தண்ணீரில் போட்டு வைத்தால் அந்தச் சவ்வு கெட்டுவிடும். பல் கிடைக்கவே இல்லையென்றால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அடிபட்டவன் வாந்தி எடுத்தாலோ, கொஞ்ச நேரம் நினைவு தப்பினாலோ பல்லை மறந்துவிட்டுத் தலைக்காயத்துக்குப் பாருங்கள்.

பூண்டு விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், குழம்புக்கு அதைவிட நல்ல பூண்டு இல்லை. ஆனால் பச்சையாக நசுக்கி ஈறில் வைத்தால் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்பவர்களுக்கும் இதே கதிதான். வலிக்குப் பாராசிட்டமால் கொடுங்கள், பிள்ளையின் எடைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கூடாது. பல்லில் குழி இருந்தால் பஞ்சு நுனியில் துளி கிராம்புத் தைலம் தொட்டுக் குழிக்குள் மட்டும் வைக்கலாம். கன்னத்துக்கு வெளியே குளிர்ந்த துணி ஒத்தடம் போதும், உப்பு வறுத்துச் சூடாக ஒத்தடம் கொடுப்பதை வீக்கம் இருக்கும்போது செய்யாதீர்கள். தலையணையை உயர்த்திப் படுக்க வைத்தால் தெறிப்பு குறையும். காய்ச்சல் இல்லை, விழுங்க முடிகிறது, வாய் திறக்கிறது என்றால் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வரலாம். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட மட்டும் வேண்டாம். அதனால் சொத்தை ஆறாது.

பூம்பாறை ஜீப்:

டாக்டர் சொன்னதோடு வண்டி ஓட்டுகிறவனாக ஒன்று சேர்க்கிறேன் டீச்சர். வழியில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. அதனால் கிளம்பும் முன்பே 108-க்குப் பேசிவிடுங்கள். ஆம்புலன்ஸ் மேலே வருகிறவரை காத்திருக்காமல், நீங்கள் ஜீப்பில் இறங்கிக்கொண்டே வந்தால் பாதி வழியில் ஏற்றிவிடலாம். எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும் அந்தப் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வாயில் ரத்தம் வருகிறவர்களைப் பின்சீட்டில் மல்லாக்கப் படுக்கப் போடுவார்கள். ரத்தம் தொண்டையில் இறங்கி வாந்தி வரும். முன்னால் குனிந்து உட்கார வைத்து, ஒரு பாத்திரத்தைக் கையில் கொடுங்கள். கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத்தான் ஓட்டுவேன், டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா:

பல் பிடுங்கின அன்று ராத்திரி ரத்தம் நிற்கவில்லை என்று வருகிறவர்கள்தான் எங்கள் வார்டில் அதிகம். பெரும்பாலானவர்கள் வீட்டில் நிமிஷத்துக்கு ஒருதரம் துப்பி, வாய் கொப்பளித்து, உறைந்த ரத்தத்தைத் தாங்களே கலைத்திருப்பார்கள். சுத்தமான துணியை மடித்துக் குழிக்கு மேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்லுங்கள், நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி இல்லையென்றால் நனைத்துப் பிழிந்த டீ பேக்கையும் வைக்கலாம். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இது பிள்ளைகளுக்கு இல்லை, ஆனால் விடுதியில் வாட்ச்மேன், சமையல்காரர் எல்லாம் இருப்பார்கள். வயசானவருக்குத் திடீரென்று கீழ்த்தாடை வலித்து, எந்தப் பல் என்று விரல் வைக்கத் தெரியாமல், கூடவே வேர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அப்படித்தான் பல் வலி என்று எங்களிடம் வந்தார். இ.சி.ஜி. எடுத்ததும் தெரிந்தது. சீக்கிரம் வந்ததால் பிழைத்தார்.

மன்னவனூர் டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர், இரண்டு சந்தேகம். விடுதியில் பாக்கெட் பால் கிடையாது, மாடு வைத்திருப்பவர்களிடம் வாங்கிக் காய்ச்சுகிறோம், அது ஆகுமா? அப்புறம், என் தங்கை பிள்ளை ஐந்து வயசு, அவனுக்குப் பல் விழுந்தாலும் இதையேதான் செய்ய வேண்டுமா?

வத்தலக்குண்டு பல் டாக்டர்:

காய்ச்சி நன்றாக ஆறவைத்த பால் போதும் டீச்சர். சர்க்கரை சேர்க்காததாக இருக்கட்டும், தயிர், மோர் வேண்டாம். பால் கிடைக்காத நேரத்தில் பிள்ளையின் எச்சிலையே ஒரு சின்ன டப்பாவில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடுங்கள். மூடி இறுக்கமான டப்பா ஒன்றும், காஸ் துணியும், கையுறையும், பாராசிட்டமாலும் பெட்டியில் இருக்கட்டும். எங்கள் ஆஸ்பத்திரி எண்ணையும் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள், பதற்றத்தில் போனில் தேட வராது.

ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பால்பல். அதைத் திரும்பப் பொருத்தவே கூடாது. அடியில் முளைத்துவரும் நிரந்தரப் பல்லுக்குக் காயம் வரும். ரத்தத்தை நிறுத்தி, பல்லையும் எடுத்துக்கொண்டு பகலில் காட்டுங்கள். உங்கள் விடுதிப் பிள்ளைகளுக்கு முன்பற்கள் எல்லாம் நிரந்தரப் பற்கள்தான், அங்கே தயங்க வேண்டாம்.

கபடி, வாலிபால் ஆடும் பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கிற பல்காப்பு விளையாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. கம்பி போட்ட பிள்ளைகள் இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள், அவர்களுக்குத் தனியாக அளவெடுக்க வேண்டும்.