வெள்ளை அட்டையா, இளஞ்சிவப்பு அட்டையா? பழைய ராணுவப் பயிற்சி விமானங்களும் எங்கள் அனுபவமும்

அமெரிக்காவில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு நாஞ்சாங் சிஜே-6 வாங்கினோம். சீன விமானப்படை தன் பைலட்டுகளைப் பழக்கிய விமானம். ஒன்பது சிலிண்டர்களும் வட்டமாக நிற்கும் ரேடியல் இன்ஜின், 285 குதிரைத்திறன். ஸ்டார்ட் செய்யும் முன் புரொப்பெல்லரைக் கையால் சில சுற்று இழுத்துவிட வேண்டும். கீழ் சிலிண்டர்களில் ஆயில் இறங்கித் தேங்கியிருந்தால் கைக்குத் தட்டும். அப்புறம் அழுத்தக் காற்று உஸ்ஸென்று பாய, இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன்.

வாங்குவதற்கு முன் பார்க்க வந்த மெக்கானிக் இன்ஜின் பக்கம் போகவே இல்லை. "முதல்ல பறக்கும் தகுதிச் சான்றிதழை எடுங்க" என்றார். எடுத்தேன், இளஞ்சிவப்பு அட்டை. பக்கத்தில் நின்ற டி-34 மென்டாரில் வெள்ளை அட்டை. இரண்டுமே ராணுவம் பயன்படுத்திய பயிற்சி விமானங்கள்தான். ஆனால் டி-34-க்கு அமெரிக்க அரசின் வகைச் சான்றிதழ், அதாவது அந்த வடிவமைப்புக்கே கொடுத்த ஒப்புதல், உண்டு, அதனால் அது 'ஸ்டாண்டர்ட்'. சிஜே-6-ஐ அப்படி யாரும் இங்கே சான்றளிக்கவில்லை. அதனால் அது 'எக்ஸ்பெரிமென்டல்', அதிலும் 'எக்ஸிபிஷன்', அதாவது காட்சிக்காகப் பறக்கும் விமானம். காக்பிட்டில் ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற சொல்லைக் குறைந்தது இரண்டு அங்குல உயர எழுத்தில் எழுதியே ஆக வேண்டும்.

அட்டையோடு இணைத்திருந்த இயக்க வரம்புத் தாள்களை அன்று சீட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். விமானத்தை வாங்கியது போலவே அந்தத் தாள்களையும் வாங்குகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எந்தெந்த நிகழ்ச்சிகளுக்குப் போகப் போகிறோம் என்று அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ அலுவலகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றக் கூடாது.

அந்தக் கடைசி வரிதான் 2021-இல் எங்களைப் பிடித்தது. காசுக்கு ஆள் ஏற்ற இதே தடை உள்ள 'லிமிடெட்' என்ற இன்னொரு வகையைச் சேர்ந்த பழைய போர் விமானம் ஒன்றில் காசுக்குப் பயிற்சி கொடுத்தது பற்றிய வழக்கில், ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்ஏஏ பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜூலையில் எஃப்ஏஏ ஒரு விளக்கம் வெளியிட்டது: எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில், அது உங்கள் சொந்த விமானமாகவே இருந்தாலும், பயிற்சியாளருக்குக் காசு கொடுத்துக் கற்றால் தனி அனுமதிக் கடிதம் வேண்டும். நான் பாதிப் பயிற்சியில் இருந்தேன். பழகாத விமானத்தில் தெரிந்தவரோடு உட்கார்ந்து கற்பதை விடப் பாதுகாப்பானது எது? கடிதம் கைக்கு வரும்வரை விமானம் ஹேங்கரிலேயே நின்றது. வாரம் ஒருமுறை போய் புரொப்பெல்லரை மட்டும் சுற்றிவிட்டு வருவேன். 2022 டிசம்பரில் வந்த சட்டம்தான் சொந்த விமானத்தில் கற்பவர்களை அந்தக் கடிதத்திலிருந்து விடுவித்தது.

* * *

மேலே சிஜே-6 பற்றி எழுதிய சார், நீங்கள் சொல்லும் அட்டையின் நிறம் ஒரே விமானத்துக்கே மாறும். நான் கூட இருந்து பார்த்தேன். எங்கள் போயிங் ஸ்டியர்மேன், போர்க்காலத்தில் பைலட்டுகளைப் பழக்கிவிட்டு, அப்புறம் வயலுக்கு மருந்து தெளிக்கப் போனது. முன் சீட்டை எடுத்துவிட்டு மருந்துத் தொட்டி வைத்திருந்தார்கள். 220 குதிரைத்திறன் இன்ஜின் இருந்த இடத்தில் 450 குதிரைத்திறன் இன்ஜின். அட்டையில் 'ரெஸ்ட்ரிக்டட்', அதாவது குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்.

அதைப் பழையபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரத் துணியைக் கிழித்த அன்று, தொட்டிக்கு அடியில் இருந்த எஃகுக் குழாயை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தோம். முனை உள்ளே போய்விட்டது. மருந்து அரித்த குழாய். அந்தப் பகுதியை வெட்டிப் புதுக்குழாய் வைத்து வெல்டிங் செய்தோம். அதை விடக் கடினம் காகிதம். வகைச் சான்றிதழில் உள்ளபடி ஒவ்வொன்றும் இருக்கிறது, மாற்றியதற்கெல்லாம் ஒப்புதல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நடுவில் செய்த இரண்டு பழுதுபார்ப்புகளுக்குப் பதிவே இல்லை. அவற்றைத் திரும்பப் பிரித்தோம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தப் பதிவில்லாத பழுதுபார்ப்பு ஒன்றின் வெல்டிங்கை நான் கண்ணால் பார்த்தேன்.

* * *

டி-34 பேச்சு வந்ததால் சொல்கிறேன். வெள்ளை அட்டை இருக்கிறது என்று மட்டும் யாரும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 1999-இல் ஜார்ஜியாவிலும், 2003, 2004-இல் டெக்சஸிலும் டி-34 விமானங்களின் இறக்கை பறக்கும்போதே முறிந்தது. இறக்கையைத் தாங்கும் முக்கியச் சட்டமான ஸ்பாரில் விரிசல். அதன்பின் கட்டாயப் பரிசோதனை உத்தரவுகள் வந்தன. நான் பகிர்ந்து ஓட்டும் விமானமும் அதற்காக நின்றது. திரும்பப் பறக்கும் முன் ஸ்பார் பரிசோதனை அறிக்கையை ஒருமுறை முழுக்கப் படித்தேன்.

சிஜே-6 வைத்திருப்பவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விமானத்துக்கு இங்கே வகைச் சான்றிதழ் இல்லாததால் அதன் உடற்கட்டுக்கு அப்படியொரு உத்தரவு வராது. விரிசல் எதையாவது கண்டால் அதே விமானம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு அன்றே எழுதிவிடுங்கள், படத்தோடு.